ஜீப்பில் ஏறும் முன் ஐந்து நிமிடம்

விசுவாசத்தில் நிலைத்திருக்க ஒரு கிறிஸ்தவர் தினமும் என்ன செய்ய வேண்டும்? பிரசங்கங்களில் கிடைக்கும் பதில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதிகாலையில் ஒரு மணி நேர ஜெபம், வேத வாசிப்பு, இரவில் குடும்ப ஜெபம், ஞாயிறு ஆராதனை. நல்ல பதில்தான். ஆனால் போடிநாயக்கனூரில் இருந்து ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் ஒரு பெண்ணிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்!

விடியும் முன்பே சோறு பொங்கி, தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு அவர் ஜீப்பைப் பிடிக்க வேண்டும். போடிமெட்டின் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, இடுக்கி மாவட்டத் தோட்டத்தில் நாள் முழுவதும் குனிந்து காய் எடுத்து, பொழுது சாயும்போது இறங்க வேண்டும். இரவில் வேதத்தைத் திறந்தால் நாலாவது வசனத்தில் கண் சொருகிவிடும். இவருக்கு விசுவாசம் குறைவு என்று சொல்ல முடியுமா?

முடியாது. ஆனால் அவரே அப்படி நினைத்துக்கொள்கிறார் என்பதுதான் ஆபத்து. ஒரு மணி நேரம் முடியாததால் ஐந்து நிமிடமும் நின்றுபோகிறது. "கன்வென்ஷன் கூட்டம் வரட்டும், மூன்று நாள் உட்கார்ந்து ஜெபித்துச் சரிசெய்துகொள்ளலாம்" என்று மனம் சமாதானம் தேடுகிறது.

அங்கேதான் தவறு. வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்குக் கிடைத்த மன்னா அன்றன்றைக்குத்தான். ஓய்வுநாளுக்கு முந்தின நாளைத் தவிர, மறுநாளுக்கு எடுத்து வைத்தது கெட்டுப்போனது. ஏலக்காயும் இதையே சொல்லித் தரும். ஐந்து கிலோ பச்சைக்காய் காய்ந்தால் சுமார் ஒரு கிலோதான் தேறும். ஸ்டோரில் மிதமான சூட்டில் மணிக்கணக்காகக் காய வைக்கிறார்கள். அவசரப்பட்டுச் சூட்டை ஏற்றினால் பச்சை நிறம் போய், காயும் வெடித்துவிடும். பக்திக்கும் விடாத மிதமான சூடுதான் தேவை.

அப்படியானால் இந்த மலைச்சரிவில் எதைக் கடைப்பிடிக்கலாம்?

1. ஜீப்பில் ஏறும் முன் ஐந்து நிமிடம். ஒரே ஒரு சங்கீதம். வாசிக்கத் தெரியாத அம்மாவுக்குப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை வாசிக்கட்டும். அதுவே குடும்ப ஜெபம்.

2. வேலைக்கு நடுவே ஜெபம். 17-ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரில் ஒரு கார்மேல் மடத்தின் சமையல்காரராக இருந்தவர் சகோதரர் லாரன்ஸ். பாத்திரங்களுக்கு நடுவிலும் கடவுளோடு பேசலாம் என்று வாழ்ந்து காட்டினார். சமையலறையில் முடிந்தது ஏலச்செடியின் தூரில் முடியாதா? கத்தோலிக்கர் ஜீப்பிலேயே ஜெபமாலை சொல்லலாம்.

3. தராசின் முன் உண்மை. கிலோ கணக்கில் கூலி என்றால், எடை கூட்ட முற்றாத காயையும் பறித்துப்போடத் தோன்றும். அது காய்ந்தால் சுருங்கி, விலை போகாது. யாரும் பார்க்காத இடத்தில் அந்தக் காயை விட்டுவைப்பதும் ஆராதனைதான். தோட்ட முதலாளி கிறிஸ்தவரானால், சரியாக எடை போடுவதும் கூலியைப் பிடிக்காமல் கொடுப்பதும் அவருடைய ஜெபத்தில் பாதி.

4. படுக்கும் முன் ஒரு நன்றி, ஒரு மன்னிப்பு. அன்றைக்குக் கடிந்து பேசிய கங்காணியின் பெயரையும் சொல்லி மன்னிக்க வேண்டும். இதற்கு ஒரு நிமிடம் போதும். ஆனால் மிகவும் கஷ்டமானது இதுதான்!

"கடவுளுக்கு வெறும் ஐந்து நிமிடமா?" என்று சிலர் கேட்கலாம். கேட்பவருக்கு ஒரு மணி நேரம் இருந்தால் அவர் ஒரு மணி நேரம் கொடுக்கட்டும். ஏழை விதவை போட்ட இரண்டு காசைப் பெரிய காணிக்கை என்று சொன்னவர் இயேசுதானே.

சபைகளுக்கும் இதில் பங்கு உண்டு. காய் எடுப்பு மும்முரமாக நடக்கும் காலத்தில் ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குக் கூப்பிட்டால், ஒரு நாள் கூலியை விடுவது அந்த வீட்டுக்குச் சின்ன விஷயம் அல்ல. வராதவர்களைப் பிரசங்கத்தில் குத்திக் காட்டுவதைவிட, ஜீப்புகள் இறங்கி வந்த பிறகு மாலையில் ஓர் ஆராதனை வைக்கலாமே! ஜனங்கள் மலையில் இருந்து இறங்கி வரும்போது ஆலயத்தின் கதவு திறந்திருக்க வேண்டும்.

உண்மையுள்ளவர்களாக இருப்பது ஒருநாள் சாதனை அல்ல. நாளைக் காலையும் ஜீப் வரும். அதற்கு முன் ஐந்து நிமிடம் இருக்கிறது.