தங்கம் எடுத்த குழி நஞ்சு புதைக்கும் குழி ஆகுமா?

நாள்தோறும் விடியுமுன் மாரிக்குப்பத்திலிருந்து புறப்படும் ரயில், தங்கவயல் தமிழர்களைச் சுமந்துகொண்டு பெங்களூருக்கு வருகிறது. கட்டட வேலைக்கும், கம்பெனி வேலைக்கும், காவல் வேலைக்கும் நின்றபடியே பயணம் செய்கிற இந்தத் தோழர்கள் யார்? உலகின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்றைத் தோண்டியவர்களின் மக்கள், பேரப்பிள்ளைகள். 2001 பிப்ரவரி 28ஆம் நாள் தங்கச் சுரங்கத்துக்கு மூடுவிழா நடந்தது. அன்றுமுதல் அவர்களுக்குப் பெங்களூர்தான் சோறு போடுகிறது.

தங்கத்தை எடுத்தாயிற்று. குழி மட்டும் மிஞ்சியிருக்கிறது. அந்தக் குழிக்குள் எதைப் போடலாம் என்ற பேச்சு 2012 நவம்பரில் எழுந்ததை நாம் மறந்துவிடக் கூடாது. கூடங்குளம் வழக்கு உச்ச நீதிமன்றத்தில் நடந்தபோது, அணுக்கழிவைக் கோலார் சுரங்கத்தில் வைக்கலாம் என்ற செய்தி வெளிவந்தது. தங்கவயல் கொதித்தது. தமிழரும் கன்னடரும் தோளோடு தோள் சேர்ந்து தெருவில் இறங்கினர். அப்படிப்பட்ட திட்டம் ஏதுமில்லை என்று அணுசக்தித் துறை மறுத்தது. மறுப்பை வரவேற்கிறோம். ஆனால் மறுப்போடு பேச்சு முடிந்துவிடவில்லை. நாட்டில் அணு உலைகள் பெருகுகின்றன. உலை இருந்தால் கழிவும் இருக்கும். அதை என்றைக்கேனும் மண்ணுக்கடியில் ஆழமாகப் புதைத்தே தீரவேண்டும் என்பதுதான் உலக விஞ்ஞானிகளின் பொதுக்கருத்து. ஆகவே அந்தக் கேள்வி திரும்ப வரும். வருமுன் நாம் விவரம் தெரிந்துகொள்ள வேண்டும்.

சுரங்கம் வேறு, கழிவறை வேறு. ஒன்று பொருளை வெளியே எடுப்பதற்காகத் தோண்டுவது. மற்றொன்று உள்ளே வைத்ததைப் பல்லாயிரம் ஆண்டுகள் வெளியே விடாமல் காப்பதற்காகத் தோண்டுவது. பூமிக்கடியில் ஒரு கிலோமீட்டர் ஆழத்தில், ஒரு சதுர மீட்டர் பாறையின் மேல் ஏறத்தாழ 2,700 டன் பாரம் அழுத்துகிறது. அங்கே ஒரு குகையைக் குடைந்தால் அந்தப் பாரம் மறைந்தா போகும்? குடைந்தெடுத்த பாறை சுமந்த பளு இரு பக்கச் சுவர்களின் மேல் ஏறுகிறது. பக்கத்திலேயே இன்னொரு குகையைக் குடைந்தால், நடுவில் நிற்கும் தூண் இரட்டைச் சுமை சுமக்கிறது. தாங்கும்வரை தாங்கி, ஒருநாள் வெடிக்கிறது.

இதைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலையில் நம் மக்கள் இல்லை. வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் தருமபுரியிலிருந்தும் கூலிக்கு வந்த நம் பாட்டன்மார், இந்தப் பாறைவெடிப்புக்குத்தான் உயிரைக் கொடுத்தார்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் சென்றது. அடிப்பாறையின் சூடு 60 டிகிரியைத் தாண்டியது. தாதுவை எடுத்த வெற்றிடத்தில் கருங்கல் சுவர் எழுப்பினார்கள். பிறகு கான்கிரீட் நிரப்பினார்கள். அப்படியும் வெடிப்பு நிற்கவில்லை. சுரங்கம் மூடி, தண்ணீர் நிறைந்த பிறகும்கூட நில அதிர்வு நிற்கவில்லை. தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் 1988இல் தங்கவயலில் தோன்றியதற்குக் காரணம் என்ன? அந்தப் பாறை கற்பித்த பாடமே.

நாம் விஞ்ஞானத்துக்குப் பகைவர் அல்லர். 1965இல் வானிலிருந்து வரும் நியூட்ரினோ என்னும் நுண்துகள் பிடிபட்டது நம்மவர் தோண்டிய சுரங்கத்தில்தான். 1980களில் பாபா அணு ஆராய்ச்சி மையம், அங்கே கைவிடப்பட்ட ஒரு பகுதியில், சுமார் 1,000 மீட்டர் ஆழத்தில் ஓர் ஆய்வு நடத்தியது. கழிவுக்குப் பதிலாக மின்சூடேற்றிகளைப் பாறையில் பொருத்தி, சூட்டில் பாறை எப்படி நடந்துகொள்கிறது என்று அளந்தார்கள். அணுக்கழிவு நீண்டகாலம் கொதித்துக்கொண்டே இருக்கும். சூடேறிய பாறை விரியும். விரிந்தால் குகைச் சுவரின் மேல் இன்னும் அழுத்தம் ஏறும். இதைத் தெரிந்துகொள்ளாமல் எந்தக் குகையையும் வரைய முடியாது. ஆய்வு நல்லதே. ஆனால் ஆய்வுக்கு இடம் கொடுத்த ஊர், கழிவுக்கும் இடம் கொடுக்க வேண்டும் என்று எந்த நியாயம் சொல்கிறது?

பழைய சுரங்கத்தில் கழிவைப் போட்டவர்கள் கதையைப் பாருங்கள். ஜெர்மனியில் ஆஸ்ஸே என்னும் பழைய உப்புச் சுரங்கத்தில், 1967 முதல் 1978 வரை சுமார் 1,26,000 பீப்பாய் அணுக்கழிவை இறக்கினார்கள். உப்பை எடுத்த வெற்றறைகள் மலையின் பாரத்தில் நெளிந்தன. விரிசல் வழியே தண்ணீர் புகுந்தது. போட்டதையெல்லாம் திரும்ப வெளியே எடுக்கவேண்டும் என்று 2013இல் சட்டமே போட்டார்கள். மலிவாகக் கிடைத்த குழி, கடைசியில் பெருஞ்செலவாக முடிந்தது.

பின்லாந்து செய்தது வேறு. ஓல்கிலுவோட்டோவில் கழிவுக்கென்றே புதிதாக, 2004 முதல், 430 மீட்டர் ஆழத்தில் குடைந்தார்கள். விரிசலில்லாத பாறையைத் தேடினார்கள். பூமியின் அழுத்தம் எந்தத் திசையில் அதிகம் என்று அளந்து குகையின் போக்கை அமைத்தார்கள். செம்புக் கலத்தில் கழிவு, அதைச் சுற்றிலும் நீர்பட்டால் உப்பி அடைத்துக்கொள்ளும் களிமண் என்று முறை வகுத்தார்கள். அதைவிட முக்கியமானது ஒன்று: அந்த நாட்டுச் சட்டப்படி, உள்ளூராட்சி வேண்டாம் என்றால் திட்டம் அங்கேயே நின்றுவிடும். யூராயோக்கி ஊராட்சி 2000இல் வாக்கெடுத்துச் சம்மதித்தது. நம் நாட்டில் எந்த ஊராட்சியிடம் இப்படிக் கேட்டிருக்கிறார்கள்?

எரிபொருளை மறுசுத்திகரிப்பு செய்வதால் நம் நாட்டில் மிஞ்சும் கழிவு குறைவு, புதைகுழிக்கு அவசரமில்லை என்கிறது அரசுத்தரப்பு. குறைவு என்பதை ஒப்புக்கொள்வோம். இல்லை என்று யாரும் சொல்லவில்லையே! அவசரமில்லை என்றால், நிதானமாக மக்களைக் கேட்பதற்கு நேரமும் இருக்கிறது அல்லவா?

வேறு ஊர்த் தலையில் கட்டுங்கள் என்று நாம் சொல்லவில்லை. ஏழை ஊர், வேலையில்லாத ஊர், வந்தேறிகள் ஊர் என்பதற்காக எந்த ஊர்த் தலையிலும் கட்டாதீர்கள் என்கிறோம். ஆகவே நம் கோரிக்கைகள் மூன்று. ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேலாகக் குடையப்பட்டு, நீர் நிறைந்து, இன்னும் அதிரும் தங்கவயல் சுரங்கம் ஒருபோதும் கழிவறையாகாது என்று ஒன்றிய அரசு சட்டப்படி உறுதி தரட்டும். அங்கே நடந்த சூட்டு ஆய்வின் முடிவுகளைக் கன்னடத்திலும் தமிழிலும் மக்கள் முன் வைக்கட்டும். எங்கே குடைந்தாலும் அந்த ஊரின் வாக்கைப் பெற்ற பிறகே முதல் வெடியை வைக்கட்டும்.

தங்கவயலில் கொட்டிக் கிடக்கும் சயனைடு மண்மேடுகள், காற்றடிக்கும்போதெல்லாம் நம் வீட்டுச் சோற்றில் புழுதியைத் தூவுகின்றன. மேலே கிடக்கும் கழிவுக்கே இன்னும் வழி காணாதவர்கள், கீழே வைக்கப்போகும் கழிவுக்குப் பல்லாயிரம் ஆண்டுக் காவல் இருப்போம் என்றால், நம்புவதற்கு முன் நான்கு கேள்வி கேட்பது நம் கடமை. ரயிலில் பக்கத்தில் நிற்கும் தோழரோடு இன்றே பேசத் தொடங்குவோம்.