கழற்றிய பாகம் எங்கே?



சேலத்திலிருந்து ஏற்காட்டிற்கு ஏறும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. சமவெளி வண்டிகளைவிட நம் சேர்வராயன் மலை வண்டிகளுக்குப் பிரேக்கும் கிளட்சும் விரைவில் தேய்வது இயல்பே. ஆகவே, "பிரேக் போய்விட்டது, இப்படியே இறங்கினால் உயிருக்கு உத்தரவாதமில்லை" என்று பழுது பார்ப்பவர் சொல்லும்போது, எதிர்த்துக் கேட்க நமக்கு நா எழுவதில்லை. அச்சம் பேரம் பேசாது.

எங்கள் பங்கைச் சேர்ந்த, ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் அண்மையில் ஒரு பில்லுடன் என்னிடம் வந்தார். காலஞ்சென்ற கணவர் விட்டுப்போன மாருதி 800 வண்டியை, பிரேக்கில் சத்தம் வருகிறதென்று மலையடிவாரத்துப் பணிமனை ஒன்றில் காலையில் விட்டு, நண்பகலில் எடுத்து வந்திருந்தார். "பிரேக் வேலை 5,200, கிளட்ச் தட்டு மாற்றியது 6,800, இதரச் செலவு 1,000, ஜி.எஸ்.டி. 2,340" என்று எழுதி, 15,340 ரூபாய் வாங்கியிருந்தார்கள். மாற்றிய பாகங்களின் பெயரும் இல்லை. வரிப் பதிவு எண்ணும் இல்லை.

"பணம் போனது பெரிதல்ல, சாமி. ஏமாந்தேனா இல்லையா என்பதே எனக்குத் தெரியவில்லையே, அதுதான் உறுத்துகிறது" என்றார் அவர்.

ஏற்காட்டு மெக்கானிக் ஒருவரை அழைத்து வண்டியைக் காட்டினேன். கீழே படுத்துப் பார்த்தவர் எழுந்து, "கியர் பெட்டியை இறக்காமல் கிளட்ச் தட்டை மாற்ற முடியாது. அதன் போல்ட்டுகளில் பழைய சேறு அப்படியே இருக்கிறது. பிரேக் வேலை மட்டும் நன்றாகச் செய்திருக்கிறார்கள்" என்றார்.

மறுநாள் இருவரும் அப்பணிமனைக்குச் சென்றோம். "கழற்றிய பாகங்களைக் காட்டுங்கள்" என்று மட்டும் கேட்டோம். தேய்ந்த பிரேக் ஷூக்கள் வந்தன. பழைய கிளட்ச் தட்டு வரவில்லை. உரிமையாளர் முதலில் சினந்தார். பிறகு வெகுநேரம் மௌனமாயிருந்தார். முடிவில் கிளட்ச் தட்டுக்கான தொகையையும் வரித்தொகையையும் திருப்பித் தந்துவிட்டு, ஒரு வார்த்தை சொன்னார்: "கூலி என்று நேராக எழுதினால் எல்லாரும் பாதியாகக் குறைக்கிறார்கள். சாமான் விலை என்று எழுதினால் ஒருவரும் வாய் திறப்பதில்லை."

அவர் செய்தது தவறுதான். அதற்கு இது நியாயமாகாது. ஆயினும் அச்சொல் என் நெஞ்சைத் தைத்தது. கண்ணுக்குத் தெரியும் இரும்புக்குப் பணம் தருகிறோம்; கண்ணுக்குத் தெரியாத உழைப்புக்குத் தர மறுக்கிறோம். நேர்மையான மெக்கானிக்கின் கூலியைக் குறைத்துவிட்டு, நேர்மையற்றவரின் பில்லைப் பேசாமல் செலுத்துகிறோம். நாமும் அல்லவா பொய்யை வளர்க்கிறோம்!

சிறிய பணிமனைகளை மட்டும் பழிப்பதும் முறையன்று. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. அசல் உதிரிப் பாகங்களும், பழுதறியும் கருவிகளும் வெளிப் பணிமனைகளுக்குத் தாராளமாய்க் கிடைக்காதவாறு தடுத்தனர் என்பதே குற்றச்சாட்டு. வழக்கு மேல்முறையீட்டிற்குச் சென்றது. ஆனால் விலையைச் சோதிக்க வேறிடம் இல்லாதபோது வாடிக்கையாளர் எவ்வளவு எளிதில் கட்டுண்டு போகிறார் என்பதை அது நாடறியச் செய்தது.

எல்லாச் செலவும் ஏமாற்றன்று. பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும். அப்போது அதன் கொதிநிலை குறையும். நெடிய இறக்கத்தில் அது கொதித்தால் பிரேக் பிடிக்காது. ஆகவே ஏறத்தாழ ஈராண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது நியாயமே. தாழ்ந்த கியரில் இறங்கினால் பிரேக்கும் பிழைக்கும், பணமும் பிழைக்கும்.

வேலை தொடங்குமுன் மதிப்பீட்டை எழுத்தில் கேளுங்கள். கூடுதல் வேலை வந்தால் தங்களைக் கேட்டே செய்ய வேண்டுமென்று சொல்லுங்கள். கழற்றிய பாகங்களைத் திரும்பப் பெறுங்கள். வரி வாங்கினால், தமிழ்நாட்டில் 33 எனத் தொடங்கும் 15 இலக்கப் பதிவு எண் பில்லில் இருத்தல் வேண்டும். பில் தர மறுப்பதே 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். பேசித் தீராவிடில் 1915 என்ற தொலைபேசி எண் உண்டு. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஈராண்டுக்குள் முறையிடலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிடில் கட்டணமும் இல்லை.

கேள்வி கேட்பது ஒருவரைத் திருடர் என்று சொல்வதாகாது. திருந்துவதற்கு அவருக்கு ஒரு வாயிலைத் திறப்பதாகும். எரிகோவின் சக்கேயுவும் தாம் வாங்கியதைத் திருப்பித் தருவதாகச் சொன்ன பின்னரே தலைநிமிர்ந்தார்.

அன்று வண்டிக்கடியில் படுத்துப் பார்த்த மெக்கானிக், "பார்த்ததற்கு எதற்குச் சாமி பணம்?" என்று மறுத்தார். ஆசிரியை விடவில்லை. "பார்த்ததற்குத்தான்" என்று சொல்லி, 300 ரூபாயை அவர் கையில் வைத்தார். அத்தொகைக்கு அவர் எழுதித் தந்த சீட்டில் ஒரே ஒரு வரி இருந்தது: "கூலி."