சோற்றுப் பொட்டலத்தோடு முடிந்துவிட்டதா உங்கள் தொண்டு?



தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்குப் போகும் வழி நெடுக எத்தனை தண்ணீர்ப் பந்தல்கள்! ஒரு பந்தலுக்கு ஆகும் செலவைக் கொஞ்சம் கணக்குப் போடுங்கள். அன்றைக்கு யாரும் பசியோடு வீடு திரும்புவதில்லை. சரி, அடுத்த வாரம் இரவு பதினொரு மணிக்கு ஜோர்ஜ்டவுனில் ஒரு நடை நடந்து பாருங்கள். கடைகளின் ஐந்தடியில் அட்டைப்பெட்டியை விரித்துப் படுத்திருப்பவர்களில் நம் முகங்களும் இருக்கின்றன.

உணவு கொண்டுபோகும் இளைஞர்களை நான் குறை சொல்ல வரவில்லை. 2014-இல் கோலாலம்பூர் புக்கிட் பிந்தாங்கில் 2 கிலோமீட்டர் சுற்றளவுக்குள் இலவச உணவு கொடுக்கக் கூடாது என்று அப்போதைய கூட்டரசுப் பிரதேச அமைச்சர் தெங்கு அட்னான் அறிவித்தபோது எதிர்த்து நின்றவர்கள் இப்படிப்பட்ட தொண்டர்கள்தான். ஆனால் ஒன்று கேட்கிறேன். பொட்டலம் கொடுத்தீர்கள், படமும் பிடித்தீர்கள் (அவர் முகத்தை ஏன் பிடிக்கிறீர்கள்?). அவர் பெயரைக் கேட்டீர்களா? அடையாள அட்டை இருக்கிறதா என்று கேட்டீர்களா?

"சோம்பேறிகள், குடிகாரர்கள்" என்று நம்மவர்களே பேசுகிறார்கள். வெட்கம்! 1966-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1997-இல் ரத்தாகி, 2000 ஜனவரி 1 முதல் கட்டுப்பாடு அடியோடு போனது. பினாங்கில் மட்டும் 12,000-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அந்தச் சட்டத்தின் பாதுகாப்பில் இருந்தன. 2008-இல் உலகப் பாரம்பரிய நகரம் என்ற பட்டமும் வந்தது. கடைவீடுகள் ஹோட்டல்களாயின. மாடியில் ஓர் அறையை நாலு பேராகப் பங்கு போட்டு வாழ்ந்த கூலிக்காரர் எங்கே போவார்? தோட்டத்திலோ, நிலம் விற்கப்பட்ட அன்றே வேலையோடு லயத்து வீடும் போயிற்று. புவா பாலா கிராமத்து மக்கள் கூட்டரசு நீதிமன்றம் வரை போயும் 2009 செப்டம்பரில் வீடுகள் இடிக்கப்பட்டன. கூரையைப் பிடுங்கிக்கொண்டு சோம்பேறிப் பட்டம் சூட்டுவதா?

இனி சட்டத்துக்கு வருவோம். 1977-ஆம் ஆண்டு ஆதரவற்றோர் சட்டத்தை உங்களில் எத்தனை பேர் படித்திருக்கிறீர்கள்? வேலையின்றிப் பொது இடத்தில் காணப்படுபவர், பிழைக்க வழியோ குடியிருக்க இடமோ இருப்பதாகத் தெரியாதவர், பிச்சையே எடுக்காவிட்டாலும் "ஆதரவற்றவர்" ஆகிவிடுகிறார். சமூக நல அதிகாரி அவரைக் கொண்டுபோய் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தலாம். அறிக்கை வரும்வரை ஒரு மாதம், பிறகு மூன்றாண்டு வரை, நல்வாழ்வு இல்லத்தில் வைக்க உத்தரவிடலாம். போக மறுத்தாலும் அங்கிருந்து அனுமதியின்றி வெளியேறினாலும் மூன்று மாதம் வரை சிறை!

திருடியவனுக்குக்கூட குற்றச்சாட்டு உண்டு, சாட்சி உண்டு. வீடு இல்லாதவர் செய்த குற்றம் என்ன? கைதானவர் தாம் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்து பேசலாம் என்கிறது அரசியலமைப்பின் 5-ஆம் பிரிவு. "இது கைது அல்ல, பராமரிப்பு" என்று பெயரை மாற்றிவிட்டால் அந்த உரிமை பறந்துவிடுமா? பூட்டிய கதவுக்குப் பெயர் என்ன வைத்தாலும் அது பூட்டிய கதவுதான் என்பது என் வாதம்.

அடையாள அட்டை இல்லாதவர் நிலை இன்னும் மோசம். நல உதவி இல்லை, மலிவு வீட்டுக்கு மனுப் போட முடியாது, முறையான வேலை கிடைக்காது. தோட்டத்தில் பிறந்து, பிறப்பே பதியப்படாமல் போனவர்கள் நம் சமூகத்தில் கொஞ்சமா நஞ்சமா? இங்கேயே பிறந்து இங்கேயே நாடற்றவர்!

ஆகவே தொண்டர்களே, சோற்றை நிறுத்தாதீர்கள். கூடவே ஒரு நோட்டுப் புத்தகமும் எடுத்துப் போங்கள். அவர் சம்மதித்தால் பெயர், தகப்பனார் பெயர், பிறந்த தோட்டம், படித்த பள்ளி ஆகியவற்றை எழுதிக்கொள்ளுங்கள். பழைய பள்ளிப் பதிவேட்டில் இருக்கும் ஒரு வரி, அவரைப் பிறந்ததிலிருந்து தெரிந்த ஒரு கிழவியின் சத்தியப் பிரமாணம், இவைதான் நாளைக்கு அவருக்கு ஆதாரம். தேசியப் பதிவு இலாகாவுக்கு அவரைத் தனியாக அனுப்பாதீர்கள். வரிசையில் நீங்களும் நில்லுங்கள். ஒருமுறை போனால் முடியாது. நாலைந்து முறை அலைய வேண்டியிருக்கும், வேலைக்கு லீவு போட வேண்டியிருக்கும்.

இரவில் அதிகாரிகள் வந்து ஆட்களை ஏற்றினால் சண்டை போடாதீர்கள். எத்தனை பேர், எந்த இல்லத்துக்கு, எந்த நீதிமன்றத்துக்கு, எந்தத் தேதியில் என்று கேட்டுக் குறித்துக்கொண்டு, அன்றிரவே ஒரு வழக்கறிஞரைக் கூப்பிடுங்கள். யாரையும் தெரியாதென்றால் மறுநாள் காலையில் வழக்கறிஞர் மன்றத்தின் பினாங்கு சட்ட உதவி மையத்தைக் கேளுங்கள்.