இன்ச் டேப்பைக் கீழே வைங்க, கையைக் காட்டுங்க

1/ "டாக்டர், என் இடது கை வலது கையை விட சின்னதா இருக்கு. என்ன பவுடர் சாப்பிடலாம்?" வாரத்துக்கு நாலு பேராவது இன்பாக்ஸில் கேட்கும் கேள்வி. தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துவிட்டது. இன்றைக்கு மொத்தமாகச் சொல்லிவிடுகிறேன். நீளமான இழை. சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

2/ முதல் விஷயம். இரண்டு கையும் அச்சுப் பிசகாமல் ஒரே அளவில் இருப்பவர்கள் அபூர்வம். வலது கைப் பழக்கம் உள்ளவர்களுக்கு வலது கைப் பிடி சுமார் 10 சதவீதம் வலுவாக இருக்கும் என்பது மருத்துவத்தில் பழைய கணக்கு. சுற்றளவில் அரை சென்டிமீட்டர், ஒரு சென்டிமீட்டர் வித்தியாசம் என்பது நோய் இல்லை. அது நீங்கள் வாழ்ந்த வாழ்க்கையின் தடம்.

3/ டென்னிஸ் வீரர் ராட் லேவரின் பழைய படங்களைத் தேடிப் பாருங்கள். 1962, 1969 என இரண்டு முறை ஒரே ஆண்டில் நான்கு கிராண்ட்ஸ்லாம் பட்டங்களையும் வென்றவர். இடது கை ஆட்டக்காரர். இடது முன்கை வேறு யாருடையதோ போல இருக்கும். 1977-ல் வந்த ஓர் ஆய்வில், தொழில்முறை டென்னிஸ் ஆடும் ஆண்களுக்கு ஆடும் கையின் மேல்கை எலும்புச் சுவரே மற்ற கையை விட சுமார் 35 சதவீதம் தடிமனாக இருந்தது. தசை மட்டுமில்லை, எலும்பே மாறுகிறது.

4/ அவ்வளவு தூரம் போக வேண்டாம். உங்கள் தெருமுனையில் கரிப்பெட்டியால் இஸ்திரி போடுகிற அண்ணனின் இரண்டு முன்கையையும் பாருங்கள். அவர் என்றைக்காவது "என் கை சமமா இல்லையே"ன்னு தூக்கம் கெட்டிருப்பாரா?

5/ தூக்கம் கெடுவது யாருக்கு? ஜிம்மில் சேர்ந்து மூன்று மாசமான பையனுக்கு. ஏன்? அங்கே சுவர் முழுக்கக் கண்ணாடி. கையில் இன்ச் டேப். பக்கத்தில் "ப்ரோ, உனக்கு லெஃப்ட் வீக்கு, இந்த டப்பா எடுத்துக்கோ"ன்னு சொல்ல ஒருத்தர். இல்லாத நோயைக் கண்டுபிடித்து, அதற்கு மருந்தும் விற்கிற வியாபாரம் இது. கடுமையாகச் சொல்கிறேன் என்றால், தெரிந்தேதான் சொல்கிறேன்.

6/ அந்த டப்பா விஷயத்துக்கு வருவோம். நீங்கள் குடிக்கும் புரோட்டீன் பவுடருக்கு இடது வலது தெரியாது. வயிற்றில் செரித்து, ரத்தத்தில் கலந்து, உடம்பு முழுக்கப் போகும். "இது சின்ன கை, இங்க இறங்கு"ன்னு யாரும் அதற்கு வழி சொல்ல முடியாது. மாஸ் கெய்னரில் பெரும்பகுதி மாவும் சர்க்கரையும். முதலில் பெருப்பது தொப்பை. உணவில் புரதம் குறைவா? முட்டை, பருப்பு, சுண்டல், மீன், தயிர் இருக்கிறது.

7/ இதைவிட மோசமானது ஊசி. சின்னதாக இருக்கும் கையில் எண்ணெயை ஏற்றி "சமன்" செய்கிறார்கள். அது தசை இல்லை, தசைக்குள் தேங்கிய எண்ணெய். சீழ் பிடிக்கும், கட்டி தட்டும், தசை தழும்பாக இறுகும். ரத்தக்குழாயில் ஏறினால் நுரையீரல் வரை போகும். ஸ்டீராய்டு ஊசியோ விந்தணு உற்பத்தியையே அடக்கிவிடும். கை சமமாவதற்கா இந்த விலை?

8/ "அப்ப என்னதான் பண்றது டாக்டர்?" செலவே இல்லாத பதில். பார்பெல்லைக் கொஞ்ச நாள் ஓரமாக வைங்க. இரண்டு கையும் ஒரே கம்பியைப் பிடிக்கும்போது வலுவான கை சத்தமில்லாமல் அதிகச் சுமையை வாங்கிக்கொள்ளும். டம்பெல் எடுங்க. ஒவ்வொரு கையாகச் செய்யுங்க.

9/ எப்போதும் பலவீனமான கையில் தொடங்குங்க. அது முறையாக 9 தடவை தூக்கினால், வலுவான கையும் 9-தான். அதற்கு 15 முடியும் என்றாலும் 9-ல் நிறுத்துங்க. விரும்பினால் சின்ன கைக்கு ஒரு செட் கூடுதல், போதும். அதற்கு மட்டும் தினமும் நாலு மடங்கு உழைப்பு கொடுத்தால் முழங்கைத் தசைநார்தான் நோகும். மாதக்கணக்கில் பொறுமை வேண்டும்.

10/ அளக்கணுமா? மாசம் ஒருமுறை. காலையில், உடற்பயிற்சிக்கு முன்னால். தோள் எலும்பு நுனிக்கும் முழங்கை முனைக்கும் நடுவே புள்ளி வைத்து, கையைத் தளர்வாகத் தொங்கவிட்டு, இரண்டு பக்கமும் அதே இடத்தில். பயிற்சி முடிந்த சூட்டில் அளந்தால் டேப் பொய் சொல்லும்.

11/ எலும்பு முறிந்து கட்டு போட்டதால் ஒரு கை இளைத்ததா? நல்ல கையைச் சும்மா வைக்காதீங்க. ஒரு கைக்குப் பயிற்சி கொடுத்தால் மறு கைக்கும் கொஞ்சம் வலு கூடும் என்பதை யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்க்ரிப்ச்சர் 1894-லேயே காட்டிவிட்டார். வலு தசையில் மட்டும் இல்லை, நரம்பு மண்டலத்திலும் இருக்கிறது. இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த பகுதிக்கு இதுதான் வாசல்.

12/ இதுவரை சொன்னது பயப்பட வேண்டாதவர்களுக்கு. இனிமேல் சொல்வதற்காகத்தான் இந்த இழையே.

13/ சில வருஷம் முன்பு ஒரு கல்லூரி மாணவர் வந்தார். 19 வயது. இடது முன்கை இளைத்திருந்தது. ஜிம்மில் "லெஃப்ட்டுக்கு எக்ஸ்ட்ரா செட் போடு" என்று சொல்லி, மூன்று டப்பா விற்றிருக்கிறார்கள். ஜிம்மை மட்டும் குறை சொல்லிவிட்டுத் தப்பிக்க மாட்டேன். நம்ம ஆட்கள் இரண்டு டாக்டர்கள் "சத்துக் குறைவு"ன்னு பி12 ஊசி போட்டு அனுப்பியிருந்தார்கள். மொத்தம் 14 மாசம் போய்விட்டது.

14/ நான் கேட்டது ஒரே கேள்வி. "தம்பி, கைல என்ன வேலை செய்ய முடியல?" பையன் சொன்னார்: "காலைல குளிர்ல பைக் ஓட்டும்போது கிளட்ச் புடிக்க முடியல சார். சட்டைப் பட்டன் போட முடியல." விரல்களை நீட்டச் சொன்னேன். லேசாக நடுங்கின. கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்க வேண்டிய சதை மேடு, குழியாக இருந்தது. வலி? இல்லை. மரத்துப்போதல்? இல்லை. அதனால்தான் யாரும் கண்டுகொள்ளவில்லை.

15/ இதன் பெயர் ஹிராயாமா நோய். ஜப்பானிய நரம்பியல் மருத்துவர் கெய்சோ ஹிராயாமா 1959-ல் விவரித்தது. நம் நாட்டுக்குப் புதிதும் இல்லை. 1984-லேயே பெங்களூரு நிம்ஹான்ஸிலிருந்து டாக்டர் கௌரி தேவி குழுவினர் இதைப் பற்றி எழுதிவிட்டார்கள். பெரும்பாலும் பதின்வயது, இருபதுகளின் தொடக்கத்தில் இருக்கும் ஆண்கள். அதாவது, ஜிம்மில் சேரும் அதே வயசு!

16/ என்ன நடக்கிறது? கழுத்தைக் குனியும்போது தண்டுவடத்தைச் சுற்றியுள்ள உறை முன்னால் நகர்ந்து தண்டுவடத்தை அழுத்துகிறது. கைத் தசைகளை இயக்கும் நரம்பு செல்கள் மெல்ல மெல்லச் சாகின்றன. நேராகப் படுத்து எடுத்த எம்ஆர்ஐயில் சில சமயம் ஒன்றும் தெரியாது. கழுத்தைக் குனிந்த நிலையிலும் எடுக்கச் சொல்ல வேண்டும்.

17/ பெரும்பாலும் சில வருஷத்தில் இது தானாக நின்றுவிடும். ஆனால் அதற்குள் போன தசை முழுசாகத் திரும்பாது. ஆரம்பத்திலேயே தெரிந்தால், கழுத்துப் பட்டை போட்டுக் குனிவதைக் கட்டுப்படுத்தி, மேலும் இளைக்காமல் நிறுத்த வாய்ப்பு உண்டு. அந்தப் பையனுக்கும் பட்டை போட்டோம், நின்றது. 14 மாசத்தில் போனது போனதுதான். இன்றும் பட்டன் போட வலது கையைத்தான் நம்புகிறார்.

18/ எனவே, டேப்பைக் கீழே வைத்துவிட்டு இதைப் பாருங்கள்:
• அளவை விட வலு குறைகிறதா? சாவி திருப்ப, பாட்டில் மூடி திறக்க, பட்டன் போட சிரமமா?
• முன்பு சமமாக இருந்தது, மாசக்கணக்கில் இளைத்துக்கொண்டே வருகிறதா?
• தசை தானாகத் துடிக்கிறதா?
• சுண்டுவிரல் பக்கம் மரத்து, விரல் மடங்குகிறதா? தோலில் உணர்ச்சியற்ற தேமல் இருக்கிறதா? தொழுநோய் இன்னும் நம்மை விட்டுப் போகவில்லை. மருந்து இருக்கிறது, அரசு மருத்துவமனையில் இலவசம்.
ஒன்று இருந்தாலும் டாக்டரிடம் போங்க. "நரம்பு டாக்டரைப் பாக்கணுமா?"ன்னு நீங்களே கேளுங்க. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் நரம்பியல் பிரிவு இருக்கிறது.

19/ ஒரு அவசரம்: ஒரு கை திடீரென்று வீங்கி, கனத்து, நீலம் பாய்ந்தால் அது "பம்ப்" இல்லை. கடுமையாகக் கைப்பயிற்சி செய்யும் இளைஞர்களுக்கு அக்குள் பக்கம் ரத்தக்குழாயில் கட்டி உறைவது உண்டு. அன்றைக்கே மருத்துவமனை. நாளைக்கு இல்லை.

20/ ஜிம் பயிற்சியாளர்களே, உங்களில் நேர்மையானவர்கள் நிறைய பேர் எனக்குத் தெரியும். இந்தப் பசங்களின் கையை எங்களை விட நீங்கள்தான் தினமும் பார்க்கிறீர்கள். "லெஃப்ட் சின்னதா இருக்கு"ன்னு ஒருத்தன் வந்தால், டப்பாவை எடுக்கும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "பிடி வலு குறைஞ்சிருக்கா?" அந்த ஒரு கேள்வி 14 மாசத்தைக் காப்பாற்றும்.

21/ மற்றவர்களுக்கு: உங்கள் இரண்டு கையும் வலுவாக வேலை செய்கிறதா? அப்ப ஒரு சென்டிமீட்டரை விடுங்க. டம்பெல்லை எடுங்க, டப்பாவை வைங்க. வீட்டில் ஜிம் போகும் தம்பி இருந்தால் இதை அனுப்புங்கள்.