மலைபடுகடாமும் 50 கிலோமீட்டரும்

வரும் தை மாதத்தில் சவ்வாது மலைப் பாதைகளில் 50 கிலோமீட்டர் ஓடுவதென்று முடிவு செய்திருக்கிறோம். இதை ஆசிரியர் அறையில் சொன்ன அன்று எழுந்த நகைப்பு இன்னும் ஓயவில்லை. ‘தமிழ் படித்தவருக்கு எதற்கய்யா இந்த மேனாட்டு மோகம்?’ என்றார் மூத்த நண்பர் ஒருவர். பல ஆண்டுகளாகப் பத்துப்பாட்டு நடத்தி வருபவர் அவர் என்பதுதான் வேடிக்கை.

மலைவழியைத் திட்டமிடுவது மேனாட்டுச் சரக்கென்றால், மலைபடுகடாம் எந்த நாட்டுச் சரக்கு? நன்னனிடம் பரிசில் பெற்று மீளும் கூத்தன், எதிர்ப்படும் கூத்தனுக்கு 583 அடிகளில் வழி சொல்கிறான். பன்றிக்கு வைத்த பொறி எங்கே, பாம்பு உறையும் குழி எங்கே, கால் வழுக்கும் பாறை எங்கே, புனங்காப்போர் யானை மீது விசும் கவண்கல்லுக்கு எப்படி ஒதுங்குவது என்று ஒன்று விடாமல் எச்சரிக்கிறான். இரவில் நடவாமல் குகையில் தங்கச் சொல்கிறான். குறவரே திகைக்கும் குன்றில் வழி தவறினால் அலையக் கூடாது. அகன்ற பாறையில் ஒன்றுகூடி வாத்தியங்களை ஒலிக்க வேண்டும். ஓசை கேட்டுக் கானவர் வருவர் என்கிறான். இன்றைய மலையோட்டப் பந்தயங்கள் பலவற்றில் ஓடுபவர் ஒவ்வொருவரும் விசில் ஒன்று வைத்திருப்பது கட்டாயம். இரண்டும் ஒரே அறிவு. அந்த அறிவை நாம் நெடுவினாவாக்கி, மாணவரை மனப்பாடம் செய்ய வைத்து, விடைத்தாளோடு கட்டி அனுப்பிவிட்டோம். நன்னனின் செங்கண்மாவே இன்றைய செங்கம் என்பர். அது சவ்வாது மலையின் அடிவாரம். நாம் அம்மலையைத் தேர்ந்ததற்கு வேறு காரணம் வேண்டுமா?

ஓட்டக்கார நண்பர்களிடமும் நமக்கு வழக்குண்டு. வாரத்துக்கு எத்தனை கிலோமீட்டர், எந்தக் காலணி, கைக்கடிகாரம் காட்டும் இதயத் துடிப்பு எவ்வளவு என்று அவர்களது அட்டவணையில் எல்லாம் இருக்கின்றன. மலை மட்டும் இல்லை. தாம்பரத்துக்கு அருகில் பயிற்சிக்கு மண்பாதை தேடியபோது, நன்மங்கலம் காப்புக்காட்டுக்குள் விடியுமுன் நுழைந்துவிடலாம், அதுவும் ஒரு சவால்தானே என்றார் ஒருவர். அங்கே கைவிடப்பட்ட கல்குவாரிப் பள்ளங்களில் கொம்பன் ஆந்தை குஞ்சு பொரிக்கிறது. அதன் உறக்கத்தையும் கூட்டையும் கலைத்து நம் தன்னம்பிக்கையை வளர்ப்பது என்ன வீரம்?

இது வெறும் ஒழுக்க விவாதம் அன்று. 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலைக் காட்டுத்தீயில் 20-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் பலர் நம் சென்னையிலிருந்து சென்றவர்கள். மாண்டவரைக் குறைசொல்வது நம் நோக்கமன்று. புல் காய்ந்து கிடக்கும் பங்குனியை நெருங்கும் நாளில் மலைச்சரிவு என்னவாகும் என்பதை மலைவாசி ஒருவரிடம் கேட்கும் பழக்கம் நம் நகரத்துக்கு இருந்ததா என்பதே கேள்வி. சீனாவின் கான்சு மாகாணத்தில் 2021 மே 22 அன்று நடந்த 100 கிலோமீட்டர் மலையோட்டத்தில் 172 பேர் ஓடினர். திடீர்க் குளிரும் காற்றும் ஆலங்கட்டியும் தாக்கி 21 பேர் இறந்தனர். தேர்ந்த வீரர்களும் அவர்களில் அடக்கம். அங்கே 6 பேரைக் காப்பாற்றியவர் ஆடு மேய்க்கும் ஒருவர். தாம் ஒதுங்கியிருந்த குகைக்கு அவர்களைக் கொண்டு சேர்த்து நெருப்பு மூட்டினார். சங்கப் புலவன் சொன்ன கானவர் இவரன்றி வேறு யார்?

ஆகவே நம் திட்டத்தின் முதல் தாளில் கிலோமீட்டர்க் கணக்கு இல்லை. எந்த ஊரில் யாரிடம் வழி கேட்பது, நீர் எங்கே, எந்த இடத்தில் எத்தனை மணிக்குள் சேராவிட்டால் திரும்பிவிடுவது என்பவையே உள்ளன. தை மாதத்தைத் தேர்ந்ததும் மழை ஓய்ந்து புல் இன்னும் முழுதாகக் காயாத காலம் என்பதால்தான். 2024 அக்டோபரில் தமிழக அரசு 40 மலையேற்றப் பாதைகளை அனுமதிச் சீட்டோடும் உள்ளூர் வழிகாட்டிகளோடும் திறந்தபோது, ‘காட்டில் நடக்கவும் கட்டணமா?’ என்று முகம் சுளித்தவர்களுள் நாமும் இருந்தோம். அந்தச் சுளிப்பை இப்போது திரும்பப் பெற்றுக்கொள்கிறோம். வழிகாட்டியின் கூலி பந்தயக் காலணி விலையில் சிறு பங்குகூட இராது.

வன அலுவலகத்துக்கு விண்ணப்பம் எழுதியாயிற்று. பதில் வரும்வரை செம்பாக்கம் ஏரிக்கரையில் ஓடிக்கொண்டிருக்கிறோம். மூத்த நண்பரையும் ஒருநாள் அழைத்தோம். முழங்கால் வலி என்றார். மலைபடுகடாம் உரைநூலை மட்டும் இரவல் கேட்டு வாங்கிப் போயிருக்கிறார்.