அரசியின் பெட்டிக்குக் கூரை; சுரங்க ரயிலுக்கு?

மைசூரு விஜயநகரிலிருந்து கிருஷ்ணராஜசாகர் சாலை வழியாக ரயில் நிலையத்துக்குச் செல்வோர் கடந்து போகும் ரயில் அருங்காட்சியகம் 1979இல் தொடங்கப்பெற்றது. மகாராணி பயணம் செய்த 1899ஆம் ஆண்டுப் பெட்டி, சமையலறையும் உணவறையும் உட்பட, அங்கே கூரையின் கீழ்ப் பத்திரமாக நிற்கிறது. அரண்மனையும் விலங்குக் காட்சிச்சாலையும் பார்த்து முடித்த உறவினரை அழைத்துச் செல்ல அதைவிட எளிய இடம் இல்லையாதலால், மானசகங்கோத்ரியின் ஆய்வு மாணவர்களில் அதற்குள் நுழையாதவர் அரிது. நுழைந்தவர்களில் எத்தனை பேர் அந்த 1979 என்ற ஆண்டைப் பற்றி எண்ணியிருப்பார்கள் என்பது வேறு வினா. மைசூரைச் சுற்றி மீட்டர் பாதையும் நீராவி எஞ்சினும் அப்போது வழக்கொழிந்திருக்கவில்லை. அன்றாடம் கண்ணெதிரே ஓடிக்கொண்டிருந்த ஒன்றை, அது போய்விடும் என்று கண்டு, போவதற்கு முன்பே எடுத்துவைத்தவர்களின் வேலை அது. அந்த முன்னறிவு மின்சார யுகத்தின் வண்டிகளுக்கு, அவற்றிலும் குறிப்பாகச் சுரங்க ரயில்களுக்கு, ஏன் வாய்க்கவில்லை?

இந்தியாவின் முதல் சுரங்க ரயில் கல்கத்தாவில் 1984 அக்டோபர் 24 அன்று எஸ்பிளனேடுக்கும் பவானிபூருக்கும் இடையே 3.4 கிலோமீட்டர் ஓடத் தொடங்கியது. சரியாக 37 ஆண்டுகள் கழித்து, 2021 அக்டோபர் 24 அன்று, குளிர்சாதனமில்லாத அந்த முதல் தலைமுறை வண்டிகளுக்கு விடை கொடுக்கப்பட்டது. விழா நடந்தது, புகைப்படக் கண்காட்சி வைக்கப்பட்டது, நாளேடுகள் பழைய பயணிகளின் நினைவுகளை அச்சிட்டன. வழியனுப்புதல் என்ற சடங்கில் குறையொன்றும் இல்லை. ஆனால் வழியனுப்புதலையே பாதுகாத்தல் என்று எண்ணிக்கொள்ளும் பழக்கம் இந்நாட்டின் நிறுவனங்களுக்கு ஊறிப்போயிருக்கிறது. மாலை போட்ட பெட்டியின் படம் ஆவணக் காப்பகத்தில் இருக்கும். இந்திய ரயில்வேயில் ‘கண்டம்’ செய்யப்பட்ட பெட்டியின் பொது விதியோ மின்னணு ஏலமும் எடைக்கணக்கும்தான்.

அந்த வண்டி யாருடையது என்று கேட்டால் கல்கத்தாவினுடையது என்றே எவரும் சொல்வர். அது பாதி உண்மை. பெட்டிகள் சென்னை பெரம்பூரில் 1955இல் தொடங்கப்பட்ட இணைப்புப் பெட்டித் தொழிற்சாலையில் கட்டப்பட்டவை. மின் கருவிகள் பெங்களூரு என்.ஜி.இ.எஃப். தயாரித்தவை. அதாவது வங்காளத்தின் மண்ணுக்கடியில் 37 ஆண்டுகள் ஓடியது தமிழகத்துத் தகடும் கன்னட நாட்டு மோட்டாரும். சுரங்க ரயிலை முன்பின் கட்டியறியாத இரு ஆலைகளின் தொழிலாளர் முதன்முதலாகக் கட்டிய வண்டி என்ற ஒரு காரணமே அதைப் பாதுகாக்கப் போதும்.

என்.ஜி.இ.எஃப். என்ற பெயர் இன்றைய மாணவர்களுக்கு எதையும் உணர்த்தாது. ஜெர்மனியின் ஏ.இ.ஜி. நிறுவனத்தின் ஒத்துழைப்போடு 1956இல் அன்றைய மைசூர் அரசு தொடங்கிய மின்பொறித் தொழிற்சாலை அது, 2002இல் மூடப்பட்டது. பெங்களூரு பையப்பனஹள்ளியில் அதன் நிலத்தின் ஒரு பகுதியில்தான் பின்னர் நம்ம மெட்ரோவின் பணிமனை எழுந்தது. இந்தியாவின் முதல் சுரங்க ரயிலுக்கு மோட்டார் செய்துகொடுத்த ஆலையின் மண்ணின் மேல் இன்னொரு நகரத்தின் மெட்ரோ வண்டிகள் கழுவித் துடைக்கப்படுகின்றன. இதைக் கர்நாடகத்தின் தொழில் வரலாற்றைப் பயில்வோர் வியப்போடு சொல்லிக்கொள்வதோடு நிறுத்திவிடுகிறார்கள். அடுத்த கேள்வியை எழுப்புவோர் இல்லை. ஆலை 2002இல் மூடப்பட்டது. வண்டிகளோ 2021 வரை ஓடின. செய்தவர் இல்லாத இயந்திரத்தைப் பத்தொன்பது ஆண்டுகள் ஓட்டியது எப்படி? எரிந்துபோன சுருளை மறுபடி சுற்றியவர் யார்? எந்த உதிரிபாகத்துக்கு மாற்றாக எது பொருத்தப்பட்டது? நோவாபாரா, டாலிகஞ்ச் பணிமனைகளின் தொழிலாளர் கைவண்ணம் எந்த ஆண்டறிக்கையிலும் முழுமையாக எழுதப்பட்டிருக்காது. அது பெட்டியின் அடிப்பகுதியில், மாற்றிப் பற்றவைத்த தகட்டில், வேறு நிறத்தில் ஓடும் கம்பியில் எழுதப்பட்டிருக்கிறது. பெட்டி உருக்காலைக்குப் போகும்போது அந்த ஏடும் உருகிப்போகிறது.

‘புகைப்படமும் வரைபடமும் போதாவா’ என்போர் உண்டு. போதா. பழைய நேர்மின் வண்டி நிலையத்திலிருந்து கிளம்பும்போது மின்தடைகளின் வழியாகவே மோட்டாருக்குச் செல்லும் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும். அவ்வேளையில் வீணாகும் ஆற்றல் வெப்பமாகிச் சுரங்கத்துக்குள்ளேயே தங்கும். நிறுத்தும்போதும் வெப்பமே. இன்றைய மூன்றுகட்ட மோட்டார் வண்டியோ வேகம் தணியும்போது மின்சாரத்தைத் திருப்பித் தருகிறது. ஆகவே பழைய சுரங்கத்தின் காற்றோட்ட ஏற்பாட்டை அங்கே ஓடிய வண்டியைத் தவிர்த்துவிட்டுப் புரிந்துகொள்ள இயலாது. சுரங்கம் கட்டடக்கலை, வண்டி வெறும் ஊர்தி என்று பிரித்துப் பார்ப்பவர் பாதி நூலைக் கிழித்தெறிந்துவிட்டு மீதியைப் படிப்பவர். மோட்டாரின் ஓசை எந்த வேகத்தில் எப்படி ஏறியது, கதவு மூடும்போது எவ்வளவு நேரம் எடுத்தது, குளிர்சாதனமில்லாத பெட்டியில் மின்விசிறியின் காற்று யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பவையெல்லாம் சமூக வரலாற்றுக்கான தரவுகள். இவற்றைப் படம் சொல்லாது.

பிற நாடுகள் இதில் எல்லாம் ஒழுங்காகச் செய்துவிட்டன என்பதும் பொய். நியூயார்க் நகரம் 2001 முதல் 2010 வரை ஏறத்தாழ 2,500 சுரங்க ரயில் பெட்டிகளைச் செயற்கைப் பவளத்திட்டுகளாக்குவதற்கென்று அட்லாண்டிக் கடலில் தள்ளியது. ஆனால் அதே நகரம் 1946இல் கைவிடப்பட்ட கோர்ட் தெரு நிலையத்தை 1976இல் அருங்காட்சியகமாக்கி, பழைய வண்டிகளை அங்கே தண்டவாளத்தின் மேலேயே நிறுத்திவைத்திருக்கிறது. விழாக்காலங்களில் அவற்றுள் சிலவற்றைப் பயணிகளோடு ஓட்டியும் காட்டுகிறது. இலண்டனின் 1938ஆம் ஆண்டு வண்டிகளுள் சில, தலைநகரில் ஓய்வு பெற்றபின் வைட் தீவுக்குப் போய் 2021 சனவரி வரை மக்களைச் சுமந்தன. ஒரு வண்டியை இலண்டன் போக்குவரத்து அருங்காட்சியகம் ஓடும் நிலையில் வைத்திருக்கிறது. தோக்கியோவில் 1927இல் ஓடிய முதல் சுரங்க ரயில் பெட்டி 2017இல் ‘முக்கியப் பண்பாட்டுச் சொத்து’ என அறிவிக்கப்பட்டது. கோயில் சிற்பத்துக்கும் ஓவியச் சுருளுக்கும் கிடைக்கும் தகுதி ஒரு ரயில் பெட்டிக்கு அங்கே கிடைத்தது. இங்கே அத்தகுதி கிடைக்க வேண்டுமானால் பெட்டிக்குள் ஓர் அரசி ஏறியிருக்க வேண்டும், அல்லது அதன் முன்னே கரியும் புகையும் இருந்திருக்க வேண்டும்.

எதிர்வாதங்கள் மூன்று வழக்கமாக வரும்.

இடமும் பணமும் இல்லை என்பது முதலாவது. எட்டுப் பெட்டிகளையும் காக்கும்படி எவரும் கேட்கவில்லை. ஓட்டுநர் அறையுள்ள பெட்டி ஒன்று, அதனோடு மோட்டாருள்ள பெட்டி ஒன்று, மழை படாத கொட்டகை ஒன்று. கூரை முதன்மையானது, திறந்தவெளியில் நிறுத்தப்பட்ட எஃகுப் பெட்டிக்கு ஆண்டுக்கொரு முறை வண்ணம் பூசுவது துருவுக்குப் போர்வை போர்த்துவதே. பெட்டியைக் கொண்டுவருவதும் பெரும்பாடன்று. கல்கத்தாவின் அந்தச் சுரங்கப் பாதை 1,676 மில்லிமீட்டர் அகலப் பாதை. நாட்டின் பொது ரயில் பாதையும் அதே அளவு. பெட்டி பெரம்பூருக்கோ மைசூருக்கோ தண்டவாளத்தின் மேலேயே வந்துசேர முடியும். பெங்களூரு, சென்னை மெட்ரோ வண்டிகளுக்கு, அவை 1,435 மில்லிமீட்டர் பாதையில் ஓடுவன ஆதலின், இந்த வசதி இராது.

இரண்டாவது, ஆஸ்பெஸ்டாஸ் முதலிய நச்சுப் பொருள்கள். இது பொய்ச்சாக்கு அன்று. பழைய சுரங்க வண்டிகளின் ஆஸ்பெஸ்டாஸ் மத்ரிதிலும் புவெனஸ் ஐரிஸிலும் தொழிலாளரின் உயிர்ப்பிரச்சினையாயிற்று. ஆனால் நச்சு இருக்குமானால் அதை ஆய்ந்து, முறைப்படி அகற்றுவது உடைப்பதற்கும் தேவைதான். அருங்காட்சியகத்துக்குப் போகும் பெட்டிக்கு மட்டும் நினைவுக்கு வந்து, ஏலக்காரரின் முற்றத்தில் அதை வெட்டும் கூலித் தொழிலாளிக்கு மறந்துபோகும் அக்கறை எத்தகைய அக்கறை?

மூன்றாவது வாதம் வாதமாக வருவதில்லை; திட்டமாக வருகிறது. 2020இல் அசன்சோலில் தொடங்கிய ‘சக்கரத்தின் மேல் உணவகம்’ இன்று பல ஊர்களுக்குப் பரவியிருக்கிறது. பழைய பெட்டியின் உள்ளே இருந்ததையெல்லாம் பிடுங்கியெறிந்துவிட்டு, மேசை போட்டு, வெளியே பளபளக்கும் படம் ஒட்டுவதற்கு மறுபயன்பாடு என்று பெயரிடலாம். அதில் வருமானமும் உண்டு. பாரம்பரியம் என்ற சொல்லை மட்டும் அந்த உணவுப்பட்டியலில் சேர்க்காதிருப்பது நல்லது.

கல்விப்புலத்தின் பங்கு இதில் சிறிதன்று. இந்திய ரயில் பற்றிய வரலாற்று ஆய்வுகள் காலனியக் காலத்திலேயே பெரிதும் தேங்கி நிற்கின்றன. பஞ்சமும் ரயிலும், மூலதனமும் ரயிலும், தேசியமும் ரயிலும் எழுதி எழுதித் தேய்ந்த தலைப்புகள். 1969இல் அமைக்கப்பட்ட பெருநகரப் போக்குவரத்துத் திட்டம், அதற்கு வந்த சோவியத் வல்லுநர்களின் ஆலோசனை, பெரம்பூரில் அந்தப் பெட்டிகள் உருவான விதம் ஆகியவற்றை அறிந்தவர்கள் இன்று முதுமையில் இருக்கிறார்கள். அவர்களிடம் போய் ஒலிப்பதிவுக் கருவியை வைக்க எந்த நிதிநல்கையும் தேவையில்லை. வாய்மொழி வரலாறு என்ற தாளை முதுகலையில் கட்டாயமாகப் படித்தவர்கள், பெரம்பூர் ஓய்வூதியர் ஒருவரைச் சந்திக்காமலே பட்டம் பெறுகிறார்கள். வில்லிவாக்கத்துக்கும் அயனாவரத்துக்கும் போய்வர அரைநாள் ஆகும், அவ்வளவே.

காலக்கெடு கல்கத்தாவோடு முடிந்துவிடவில்லை. தில்லி மெட்ரோ 2002 டிசம்பரிலும், பெங்களூரு 2011 அக்டோபரிலும், சென்னை 2015 சூனிலும் ஓடத் தொடங்கின. மெட்ரோ வண்டியின் ஆயுளைச் சுமார் முப்பதாண்டு என்று கொண்டால், தில்லியின் முதல் வண்டிகளுக்கான கேள்வி அடுத்த பத்தாண்டுக்குள் வந்துவிடும். அவற்றின் மென்பொருள், மின்னணுக் கட்டுப்பாட்டுப் பலகைகள், உரிமம் பெற்ற வரைபடங்கள் பல வெளிநாட்டு நிறுவனங்களின் கையில் இருப்பவை. துருப்பிடித்த மோட்டாரைக்கூட ஒரு நல்ல தொழிலாளி திருத்திவிடுவான். பூட்டிவைத்த மென்பொருளை எவனும் திருத்த முடியாது. ஆதலால் புதிய வண்டிகளை வாங்கும் ஒப்பந்தத்திலேயே ஓய்வுக்குப் பின் ஒரு வண்டியும் அதன் ஆவணங்களும் பொதுக் காப்பகத்துக்கு வந்துசேரும் என்ற விதி எழுதப்பட வேண்டும். கர்நாடக, தமிழக அரசுகள் இரண்டும் தத்தம் மெட்ரோ நிறுவனங்களில் ஒன்றிய அரசோடு சரிபங்காளிகள். கேட்க உரிமையுள்ளவர்கள் கேட்காமலிருக்கிறார்கள்.

மைசூரு அருங்காட்சியகம் மகாராணியின் பெட்டியை இறக்கிவிட்டு இதற்கு இடம் தர வேண்டியதில்லை. அதன் அருகிலேயே, பெங்களூரு மோட்டாரோடு ஓடிய ஒரு பெரம்பூர்ப் பெட்டியும் நிற்கட்டும். அதற்கு முன்பே செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு: என்.ஜி.இ.எஃப். மூடப்பட்டபோது அதன் வரைபடங்களும் சோதனைக் குறிப்பேடுகளும் எந்தத் துறையின் எந்த அறைக்குப் போயின என்ற கேள்வியைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பத்து ரூபாய் கட்டி அனுப்புதல். தொழில் வரலாற்றிலோ அறிவியல் வரலாற்றிலோ ஆய்வேடு எழுதிக்கொண்டிருக்கும் எவரும் அதை இந்த வாரமே செய்யலாம்.