சங்கிலிக்கும் ஒரு செக்ரோல்



சென்ற இதழில் பிள்ளைகளின் கையெழுத்தைப் பற்றி எழுதியிருந்தேன். இந்த முறை சைக்கிளைப் பற்றி எழுதப் போகிறேன். 'வாத்தியாருக்கு இதில் என்ன வேலை?' என்று நீங்கள் கேட்கலாம். வேலை இருக்கிறது. என் கவனக்குறைவால் ஒரு பிள்ளையின் கை முறிந்தது. அதை மறைத்துவிட்டு உங்களுக்கு அறிவுரை சொல்வது நியாயமாகாது.

கார் வாங்கும் வரை ஏழு ஆண்டுகள் ஒரு கியர் சைக்கிளைத்தான் பள்ளிக்கும் பட்டணத்துக்கும் ஓட்டினேன். அதை ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவனுக்குக் கொடுத்தேன். தோட்டத்தின் கடைசி லயத்திலிருந்து தினமும் நடந்து வருகிற பையன் அவன். கொடுப்பதை நன்றாகக் கொடுக்க வேண்டும் என்று, துடைத்து எண்ணெய் விட்டு, துருவேறித் தொங்கிய பழைய சங்கிலியைக் கழற்றிப் புதுச் சங்கிலியை நானே மாட்டினேன். பெரிய தர்மம் செய்துவிட்ட நினைப்பு எனக்கு.

மூன்றாம் நாள் காலை, தோட்டத்துப் பாதை பெரிய சாலையைத் தொடும் மேட்டில் பையன் எழுந்து நின்று மிதித்திருக்கிறான். சங்கிலி பல்லைவிட்டுத் தாவியது. கால் வெற்றாகக் கீழே போக, சாலையோரத்தில் விழுந்தான். செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று அப்போதுதான் அந்த இடத்தைக் கடந்து போயிருந்தது. வலது மணிக்கட்டு முறிந்து ஆறு வாரம் கட்டுப் போட்டார்கள். அவன் தாயார் என்னைப் பார்த்து, "உசுரு தப்பிச்சதே சார், நீங்க நல்ல மனசோடதானே குடுத்தீங்க" என்றார். அவர் என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

சைக்கிளைக் கடைத்தெருவுக்குக் கொண்டுபோனேன். சைக்கிள் கடைத் தவுக்கே பின்சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ரந்தாய் பாரு, கிகி லாமா, சிக்கு" என்றார். சங்கிலி புதுசு, பல் பழசு! அத்தனை குற்றமும் அதற்குள் அடங்கிவிட்டது.

அதன் காரணத்தைச் சொல்கிறேன். 1880இல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் ஹான்ஸ் ரெனால்டு என்பவர் உருவாக்கிய உருளைச் சங்கிலியின் வழியில் வந்ததே இன்றைய சைக்கிள் சங்கிலி. ஓர் ஆணியின் நடுவிலிருந்து அடுத்த ஆணியின் நடு வரை அரை அங்குலம். சங்கிலி 'நீண்டுவிட்டது' என்கிறோமே, இரும்புத் தகடு ரப்பரைப் போல் இழுபட்டு நீள்வதில்லை. செம்மண் தூசியும் எண்ணெயும் கலந்து சாணைப் பசை போலாகி, ஆணியும் அது திரும்பும் இடமும் தேய்கின்றன. ஒவ்வோர் இணைப்பிலும் மயிரிழை அளவு இடைவெளி விழுந்தாலும் நூறு இணைப்பில் அது பெரிதாகிவிடும். நீண்ட சங்கிலி பற்சக்கரத்தின் பற்களையும் தன் அளவுக்கு அரித்துவிடுகிறது. பழையதும் பழையதும் எப்படியோ ஒத்துப் போகும். சரியான அளவுள்ள புதுச் சங்கிலியோ அந்தத் தேய்ந்த பல்லில் உட்காராது. ஏறுமிடத்தில் அழுத்தி மிதித்ததும் தாவிவிடும்.

இதைக் கண்டுபிடிக்க விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. அங்குலக் கோடு உள்ள இரும்பு டேப் போதும். தையல் டேப் இழுபடும், வேண்டாம். சங்கிலியை இறுக்கமாக வைத்து, ஓர் ஆணியின் நடுவிலிருந்து 24 இடைவெளி எண்ணி அளந்து பாருங்கள். சரியாக 12 அங்குலம் இருந்தால் நலம். பதினாறில் ஒரு பங்கு அங்குலம் கூடியிருந்தால் சங்கிலியை மட்டும் மாற்றுங்கள். பற்சக்கரம் பெரும்பாலும் தப்பிக்கும். எட்டில் ஒரு பங்கு கூடிவிட்டால் பற்சக்கரமும் கெட்டிருக்கும். இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். நான் அளக்கவும் இல்லை, எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று எழுதி வைக்கவும் இல்லை.

அந்தக் காலத்தில் நம் பெற்றோர் ரப்பர் பால் நிறுத்துக் கொடுக்கும்போது, கிராணியார் செக்ரோலில் ஒரு நாள் பேர் விட்டுப் போனால் சும்மா இருந்தார்களா? அந்தக் கணக்கைச் சைக்கிளுக்கும் வையுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

ஓடிய தூரத்தை அறிவது எளிது. ஒரு முறை மோட்டார் சைக்கிளில் பள்ளி வரை போய் மீட்டரைப் பாருங்கள். 4 கிலோமீட்டர் என்றால் போக வர 8. வாரம் ஐந்து நாளைக்கு 40. பள்ளி நடக்கும் 40 வாரத்துக்கு 1,600 கிலோமீட்டர்! பிள்ளை 'பக்கத்தில்தான்' போய் வருகிறான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஆரக்கம்பியில் சிறு காந்தம் வைத்துத் தூரம் காட்டும் மீட்டர்களும் கடையில் கிடைக்கின்றன. அதற்குச் சக்கரத்தின் சுற்றளவு தெரிய வேண்டும். டயர் தரையைத் தொடும் இடத்தில் சாக்கட்டியால் கோடு போட்டு, ஒரு சுற்று உருட்டி மறுபடி கோடு போட்டு அளந்தால் போதும். நான் இதையே கணிதப் பாடமாக்கினேன். எங்கள் 26 அங்குலச் சக்கரத்துக்கு 2 மீட்டர் 7 சென்டிமீட்டர் வந்தது. ஒரு கிலோமீட்டருக்கு 483 சுற்று என்று பிள்ளைகளே வகுத்துச் சொன்னார்கள்.

பிரேக்கையும் கணக்கில் சேருங்கள். பிரேக் ரப்பரில் குறுக்கே பள்ளங்கள் இருக்கும். அவை மறைந்தால் ரப்பரின் ஆயுள் முடிந்தது. அதற்குப் பிறகும் ஓட்டினால் உள்ளிருக்கும் இரும்பு ரிம்மை அறுக்கும். மழைக்காலத்தில் சேறும் மணலும் ஒட்டிக்கொள்வதால் தேய்மானம் இன்னும் வேகம். ரிம்மின் பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். குழி விழுந்திருந்தால் கடைக்காரரிடம் காட்டுங்கள்.

டயரில் பின்னதுதான் முதலில் தேயும். உடலின் பாரம் பெரும்பகுதி அதன் மேல். சக்கரத்தைத் தள்ளும் வேலையும் அதனுடையது. தேய்ந்ததை எடுத்து முன்னால் போட்டுச் சிக்கனம் பார்க்காதீர்கள். முன்டயர் வழுக்கினால் சமாளிப்பது கடினம். புதியதை முன்னால் போட்டு, முன்னால் இருந்ததைப் பின்னுக்கு மாற்றுங்கள்.

ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் எடுங்கள். தேதி, இதுவரை ஓடிய தூரம், அளந்த அளவு, மாற்றிய சாமான் என நான்கு கட்டம் போடுங்கள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளையோடு உட்கார்ந்து எழுதுங்கள். எத்தனை கிலோமீட்டருக்கு எது தேயும் என்று நான் சொன்னால் அது என் பாதைக்கான கணக்கு. செம்மண் பாதைக்கு ஒன்று, தார்ச்சாலைக்கு ஒன்று. உங்கள் பாதையின் கணக்கை உங்கள் நோட்டுதான் சொல்லும்.

அந்தப் பையனின் சைக்கிளுக்குப் பற்சக்கரமும் மாற்றிக் கொடுத்தேன். கூடவே ஒரு நோட்டும் கொடுத்தேன். கையில் கட்டு இருந்ததால் முதல் பக்கத்தை இடது கையால் கோணலாக எழுதினான். இப்போது இடைநிலைப்பள்ளியில் படிக்கிறான். போன மாதம் என் வீட்டுக்கு வந்து நோட்டை விரித்து, "3,400 கிலோமீட்டர் சார். பதினாறுல ஒன்னு தொட்டிருச்சு. பல்லு நல்லா இருக்கு, சங்கிலி மட்டும் மாத்தினாப் போதும்" என்றான்.

நான் அவனுக்கு ஒரு டம்ளர் மைலோ கலந்து கொடுத்தேன். அவன் குடித்து முடிக்கும் வரை அந்த நோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த இதழில் சந்திப்போம்.